வெறும் தரை

அவள் வெட்டுக்கிளி வளர்க்கிறாள் என்பதை அக்கம்பக்கத்தார் பாதிதான் காதில் வாங்கியிருந்தார்கள். கிளி வளர்க்கிறாள் என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள். ஒருநாள் மாடி வீட்டுக்காரர், இறக்கை ஒடிந்த பச்சைக்கிளி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அவள் எதையும் விளக்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியைத் தேடிக் கொடுத்தாள்.

அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் சரியாகத் தெரியும். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன பூச்சிம்மா, உன் பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" என்பார். தெரு முழுக்கக் கேட்கும்.

இயற்கை அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருந்தது அவள் வேலை பார்த்த அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. விளக்குகள் காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும். சுவரோரம் கம்பிவலைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு மணல், ஒரு கட்டுப் புல். பூச்சி கட்டைவிரல் நீளம்தான். காய்ந்த சேற்றின் நிறம். கூழாங்கற்களுக்கு நடுவே விட்டால் கண் தோற்றுப்போகும். அதற்கு நீளமான அறிவியல் பெயர் ஒன்று உண்டு. அறையில் இருந்தவர்கள் கூழாங்கிளி என்றார்கள்.

அதற்குச் சிறகு இல்லை. ஊர் பெருத்தபோது சிறகுள்ளவை எழுந்து போய்விட்டன. இது இருந்த இடத்திலேயே இருந்தது. புல்வெளியின் மேல் கிடங்குகள் வந்தன, கிடங்குகளுக்குச் சாலை வந்தது, சாலையோரம் வீடுகள் வந்தன. அவள் இப்போது குடியிருந்த வீடும் அப்படி வந்ததுதான். மிஞ்சிய புல்வெளி ஒரே ஒரு துண்டு. குடிநீர் நிலையத்துக்குப் பின்னால், வேலிக்குள். அடியில் பெரிய குழாய் போவதால் அங்கே யாரும் எதையும் கட்ட முடியாது.

போன கோடையில் அறையில் வளர்ந்தவற்றை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது ஒன்றுகூட வெளியே வரவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் பிறந்தவை. வெயில் விழுந்து கம்பி சூடேறிய பிறகுதான் ஒன்று விளிம்புக்கு வந்து, யோசித்து, தாவியது. மற்றவை பின்னாலேயே போயின. அவள் காலிப் பெட்டியை மூடுவதற்கும் மறந்து நின்றாள்.

அவை பிழைத்தன. புல்லைத் தின்றன, தோலுரித்தன, கூடின. கோடை முடிகிற சமயம் அவள் கட்டாந்தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். பெண் பூச்சி புல்லை விட்டு வெளியே வந்தது. வெயிலில் வெந்து இறுகிய வெறும் தரையாகப் பார்த்து வயிற்றின் நுனியைத் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கியது. முட்டைகளை இட்டு, நுரை போன்ற எதையோ சுரந்து, மண்ணோடு குழைத்து மூடியது. அது காய்ந்தால் நிலக்கடலை ஓடு மாதிரி ஒரு கூடு. கொஞ்ச நாளில் பெரிய பூச்சிகள் எல்லாம் செத்துப்போகும். மழையையும் குளிரையும் தாண்டிக் கூடு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அடுத்த வெயில் தரையைச் சுட வைக்கும்போது குஞ்சுகள் வெளியே வரும்.

அறைப் பெட்டிகளில் இட்ட முட்டைகள் அந்த வருடம் உள்ளேயே சுருங்கிவிட்டன. வலுவான குடும்பங்களை எல்லாம் புல்வெளியில் விட்டாகிவிட்டது; அறையில் நின்றவை ஒரே குடும்பத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் கூடியவை. ரத்தம் தேய்ந்துபோயிருந்தது. புல்வெளியில் பிறக்கும் குஞ்சுகளில் சிலவற்றைக் கொண்டுவந்து கலந்தால்தான் அறையும் பிழைக்கும். ஆக, அந்த இனத்தில் மிச்சம் என்று இருந்தது அந்தத் தரைக்குள் இருந்த கூடுகள்தான். இது அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் இன்னும் ஓரிருவருக்குத் தெரியும். அடையாளத்துக்கு அங்கே ஒரு குச்சிகூட நடவில்லை. குச்சியைக் கண்டால் யாராவது என்னவோ ஏதோ என்று பிடுங்கிப் பார்ப்பார்கள்.

மழைக்காலத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, வெளியே அலையக் கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் படுத்துக் கிடந்தாள். அக்காவும் மாமாவும் தினமும் வந்தார்கள். மாமாவின் காலை நடைக் கூட்டாளிகளும் ஓரிருவர் வந்து, தங்கள் உடம்பிலிருந்து எடுத்த கற்களைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

படுக்கையில் கிடந்தவளுக்குப் புல்வெளி ஞாபகம்தான்.

"பக்கத்து மைதானத்துல பந்து விழுந்தா வேலியைத் தாண்டிக் குதிக்கிறானுங்க மாமா. புல்லை மிதிச்சுத் துவம்சம் பண்ணிடுவானுங்க. அந்தப் புல்லுதான் அதுங்களுக்கு வீடு, சோறு எல்லாம். புல்லு மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"அந்த இடத்தை நானும் பாத்திருக்கேனே," என்றார் மாமா. "மொட்டையாக் கிடக்குது. ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லை. அங்க போய் எப்படித்தான் நாள் முழுக்க நிக்கிறியோ."

"ஆமா மாமா. வெயில் மண்டையைப் பிளக்கும்."

இதைச் சொன்னது அவள்தான். மாமா தலையாட்டினார். அக்கா சுவரைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை.

அவள் கணவன் வண்டிகளுக்கு மின்கம்பி வேலை பார்க்கிறவன். பேச்சு குறைவு. அந்த நாட்களில் அவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினான். செருப்பில் சேறு. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது உள்ளங்கையைப் பார்த்தாள். விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளம். சில உடைந்திருந்தன.

"என்ன இது?"

"ஒரு பழைய லாரி. நட்டெல்லாம் துருப் பிடிச்சுக் கிடக்கு."

"கையுறை போட்டா குறைஞ்சா போயிடுவே?"

அவள் களிம்பை எடுத்து வந்து தடவிவிட்டாள். அவன் கையை நீட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். எரிச்சலைத் தாங்குகிறான் என்று நினைத்து அவள் ஊதிவிட்டாள்.

மருத்துவர் வெளியே போகலாம் என்று சொன்ன மறுநாளே மாமா ஒரு வேனோடு வந்து நின்றார். "ஏறு ஏறு, உள்ள தள்ளிப் போ, படியில நிக்காதே," என்று பழைய குரலை எடுத்தார். அக்கா பின்னாலிருந்து சேலைத் தலைப்பால் அவள் கண்ணைப் பொத்தினாள்.

"என்னக்கா இது, சின்னப் பிள்ளை மாதிரி."

"வாயை மூடிக்கிட்டு வா. உனக்காக எத்தனை பேரு முதுகு ஒடிஞ்சு கிடக்குறோம் தெரியுமா?"

வேன் நின்றதும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். குடிநீர் நிலையத்தின் பின்பக்க வாசல். வேலியில் காகிதத் தோரணம் தொங்கியது. உள்ளே புல்வெளி முழுவதும் மரக்கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி, ஒரு பச்சைக் கயிறு, அடியில் வட்டமாக வெட்டிய பாத்தி, பாத்தியில் தண்ணீர். காலை நடைக் கூட்டம் மொத்தமும் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு கை தட்டியது. புதிதாக எழுதிய பலகை ஒன்று. அதில் அவள் பெயர். பெயருக்குக் கீழே, 'பசுமைத் தோட்டம்'.

அவளால் வேன் கதவை விட முடியவில்லை.

"பாத்தியா, வாயடைச்சுப் போயிட்டா," என்றாள் அக்கா.

"நல்லா பாரு," என்றார் மாமா. பெருமையில் அவர் குரல் தழைந்திருந்தது. "ஒரு புல்லு மிதிபட்டிருக்காது. நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே இல்ல? எல்லாருக்கும் சொல்லிட்டேன். புல்லு மேல ஒருத்தன் கால் வெச்சா காலை உடைப்பேன்னு. புல்லு இல்லாத இடமாப் பாத்து, வெறும் தரையில மட்டும்தான் குழி எடுத்தோம். இறுகிப்போய்ப் பாறையா இருந்துச்சு. கடப்பாரை வளைஞ்சுடுச்சுன்னா பாத்துக்கோயேன். முக்கால்வாசிக் குழி சகலைதான் எடுத்தாரு. வேலை முடிஞ்சு வந்து இருட்டுற வரைக்கும் நிப்பாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து சிரித்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

புல் திட்டுகள் அப்படியே இருந்தன. உண்மைதான். ஒரு தாள் மடங்கவில்லை. புல்லுக்கும் புல்லுக்கும் நடுவே எங்கெல்லாம் கட்டாந்தரை இருந்ததோ அங்கெல்லாம் குழி.

"கடைசிக் குழி உனக்காக விட்டு வெச்சிருக்கோம்," என்று மாமா அவள் தோளைப் பிடித்து நடத்தினார். நகராட்சி உறுப்பினர் காத்திருந்தார். படம் எடுப்பவர் காத்திருந்தார். யாரோ கையில் ஒரு கன்றைக் கொடுத்தார்கள். குழியருகே தோண்டிய மண் குவியலாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். குனியாதே என்று அக்கா கத்தினாள். அவள் மண்ணை விரலால் கலைத்தாள். இரண்டாவது கைப்பிடியிலேயே அது வந்தது. கடலை ஓடு போன்ற கூடு, குறுக்கே பிளந்தது. உள்ளே கோதுமை மணிகள் மாதிரி முட்டைகள். விரல் பட்டதும் சில தண்ணீராக உடைந்தன.

"இங்கே பாருங்கம்மா," என்றார் படம் எடுப்பவர்.

அவள் கையை மூடிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். படம் எடுத்தார்கள். கன்றை அவள் நட்டாளா, மற்றவர்கள் கை கொடுத்து நட்டார்களா என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. கன்று நடப்பட்டது.

திரும்பும் வழியில் வேனில் மாமாவும் அக்காவும் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். அவள் பின்னிருக்கையில் மூடிய கையைத் திறந்து கணவனிடம் காட்டினாள்.

"இது என்ன?"

"முட்டை."

"எங்க இருந்துச்சு?"

"வெறும் தரையில. அங்கதான் இடும்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான், அவளுடையதைப் பார்த்தான்.

"நீ புல்லுன்னு தானே சொன்னே."

"ஆமா. புல்லுன்னுதான் சொன்னேன்."

புல் என்றால் யாருக்கும் புரியும். வெறும் தரையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சிரிப்பார்கள். அவள் சுலபமானதைச் சொல்லியிருந்தாள்.

"நிறைய இருந்துச்சா?" என்றான் அவன். "நான் தோண்டினப்போ இந்த மாதிரி எதையோ பாத்த ஞாபகம் இருக்கு. ஏதோ வேர்னு நெனச்சு உதறிட்டேன்." முன்னால் மாமா பாட்டின் அடியை மறந்துவிட்டு அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாமா வந்தார். கணவன் போனில் சொல்லியிருந்தான். வாசலில் குரல் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீ ராத்திரி அழுதேன்னு சகலை போன்ல சொன்னதும், மரம் வெச்சதுக்கு அழுவுற ஆளை நான் பாத்ததே இல்லைன்னு உங்க அக்காகிட்ட கோவிச்சேன். அப்புறம் சகலை எல்லாத்தையும் சொன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புடுங்கிடலாமா? சொல்லு. நானே புடுங்குறேன். ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"தோண்டினது தோண்டினதுதானே மாமா. ஆனா தோண்டாம விட்ட தரையும் கொஞ்சம் இருக்கு. நிழல் விழுந்தா, தண்ணி பாய்ஞ்சா, அதுல இருக்கிறதும் அழுகிடும். இப்பவே எடுத்துட்டா ஒருவேளை பிழைக்கலாம்."

அந்த 'ஒருவேளை'யை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றே கிளம்பினார். அவளும் கூடப் போனாள்.

குடிநீர் நிலையப் பொறியாளர் நல்ல மனிதர். வேர் குழாயைப் பிடித்துவிடும், அதனால் எடுக்க வேண்டும் என்று எழுதித் தர முடியுமா என்று அவள் கேட்டாள். அவர் மாமாவைப் பார்த்தார்.

"சார் முன்னாடியே வந்து இதைத்தான் கேட்டாரு. குழாய்க்கு ஆபத்தில்லாத கன்னா வாங்கணும், எது வாங்கலாம்னு. நானே உக்காந்து தேர்ந்தெடுத்துக் குடுத்தேன். எல்லாம் ஆழம் போகாத மேல் வேர். இப்போ எப்படி மாத்தி எழுதுறது?"

மாமா எழுந்து நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினார்.

நகராட்சியில் ஒரு பெண் அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு கன்றும் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாக ஏறியிருந்தது. இந்த வருட இலக்கில் கணக்கு சேர்ந்துவிட்டது. பிடுங்கினால் அபராதம், அதுவும் பொது இடத்தில் மரத்துக்குச் சேதம் என்கிற பிரிவில்.

"தரைக்குச் சேதம்னு ஏதாவது பிரிவு இருக்கா மேடம்?" என்றார் மாமா.

அந்தப் பெண் சிரித்தாள். அவர் வேடிக்கையாகக் கேட்டார் என்று நினைத்தாள்.

அருங்காட்சியக மேலாளர் மீன்காட்சிப் பிரிவிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்தவர். மாமா முன்கூட்டியே அவரிடமும் அனுமதி கேட்டிருந்தார். "மரம்னா நல்லதுதானேன்னு சொல்லிட்டேன். நீங்க படுத்திருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன்," என்றார். கடைசிக் குழியருகே அவள் உட்கார்ந்திருக்கும் படத்தை அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். படத்தில் அவளது ஒரு கையில் கன்று இருந்தது. இன்னொரு கை மூடியிருந்தது.

எல்லாரும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் செய்திருந்தார்கள். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். கூட்டாளிகளையும் நிறுத்தச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி மட்டும் விடியற்காலையில் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். மாமா வழியை மறித்தபோது, "பச்சைப் புள்ளையைப் பட்டினி போடச் சொல்றீங்களா? உங்களுக்கென்ன மனசா கல்லா?" என்று கேட்டாள். பிறகு நகராட்சியின் தண்ணீர் லாரியே வாரம் தவறாமல் வந்தது. இலக்கில் சேர்ந்த கன்று காயக் கூடாது.

அவளும் கணவனும் ஓய்வு கிடைத்த போதெல்லாம் போய்ப் பாத்தி மண்ணைச் சல்லடையில் சலித்தார்கள். அவன் அள்ளிப் போடுவான், அவள் ஆட்டுவாள். கூடுகள் கிடைத்தன. ஈரத்தில் ஊறிப் பஞ்சாகியிருந்தன. கெட்டியாகத் தெரிந்த சிலவற்றை அவள் அறைக்குக் கொண்டுபோய் உலர்ந்த மணலில் வைத்தாள். அவையும் பூஞ்சை பிடித்தன. ஒருநாள் அவன் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "போதுமா?" என்றான். அவள் போதும் என்றாள். அதன்பின் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. கை ஆறிவிட்டது. அடியில் தடிப்பு மட்டும் இருந்தது.

அறையில் கடைசியாக மிஞ்சியது ஓர் ஆண். வழக்கத்துக்கு மாறாக நெடுநாள் இருந்தது. நடுப்பகலுக்கு விளக்குகள் ஏறியதும் பின்னங்காலை உடம்பில் உரசிக் கொஞ்ச நேரம் கூப்பிடும். பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அவள் புல்லை மாற்றுவாள்.

வெயில் வந்தது. தரை சுட்டது. குஞ்சு பொரிக்கும் பருவம். அவள் உச்சிவேளையில் புல்வெளிக்குப் போய், மிஞ்சிய வெறும் தரைத் துண்டுகளின் ஓரம் உட்கார்ந்தாள். போன வருடம் பெட்டிகளில் பார்த்தது நினைவிருந்தது. எறும்பளவு, முதலில் வெள்ளை, வெயில் பட்டதும் சாம்பல். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. தண்ணீர் பாய்ந்த இடங்களில் புது வகைப் புல் தழைத்து, தரைத் துண்டுகளின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. பச்சை கண்ணைப் பறித்தது.

ஒருநாள் மாமா குடையோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

"நிழல் வேண்டாம் மாமா. தரை மேல விழுது."

அவசரமாக மடக்கிவிட்டார். இருவரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்நாளில் மெதுவாகப் பேசியறியாத மனிதர் கிசுகிசுத்தார். "எத்தனை பெருசு இருக்கும்?"

"எறும்பு மாதிரி."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தரையையே பார்த்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு, குடையில்லாமல்.

அப்படி ஒருநாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "அதோ! பூச்சிம்மா, அதோ பாரு, குதிச்சுது! நான் பாத்தேன்!"

அவளும் பார்த்தாள். புதுப் புல்லின் நுனியில் ஒரு வெட்டுக்கிளி. பச்சை நிறம். ஈரமுள்ள எல்லா இடத்திலும் வருவது, எந்த ஊர் வாய்க்கால் ஓரத்திலும் இருப்பது. மாமாவின் முகம் பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் முகம் போலிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர் அன்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். அன்றிரவு தூங்கியிருப்பார்.

அதற்குள் அது எழும்பியது. சிறகு விரித்து, வெயிலில் பளிச்சிட்டு, பக்கத்துக் கன்றின் இலையில் போய் உட்கார்ந்தது.

மாமாவின் பிடி தளர்ந்தது.

"நம்மளது பறக்காது, இல்ல?"

"பறக்காது மாமா."

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அந்தக் கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பழக்கத்தில் அதை நிமிர்த்திப் பிடித்து, அவிழ்ந்திருந்த கயிற்றைக் குச்சியோடு முடிந்து, அடிமண்ணைக் காலால் அழுத்தினார். அழுத்திய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததுபோல் காலை எடுத்தார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பரவாயில்ல மாமா," என்றாள். "வாங்க, தண்ணி லாரி வர நேரம்."